அந்தியேட்டிக்கு முந்தி வைச்ச கையெழுத்து

வழுக்கியாறு கரை மேவி றோட்டாலை பாய்ஞ்ச மாரி எண்டால் எங்கடை பக்கத்துச் சனத்துக்கு உடனை விளங்கும். அளவெட்டியிலை ஒரு கலியாணவீட்டுக்கு வெளிக்கிட்ட தவில்காரர் ரண்டுபேர், தவிலைத் தலையிலை தூக்கி வைச்சுக்கொண்டு இடுப்பளவு தண்ணிக்குள்ளாலை நடந்து போனவை. என்ரை கார் நிண்டுபோச்சு. நான் உள்ளுக்கை இருந்து பாத்துக்கொண்டிருந்தனான். அதிலை ஒருத்தர் குனிஞ்சு பாத்து, "என்ன அண்ணை, வள்ளம் ஒண்டு வாங்கி ஓடியிருக்கலாமே?" எண்டு கேட்டுப்போட்டுப் போனார். அந்தத் தண்ணி வத்தி, சனம் வெங்காயம் நடத் தொடங்கின நேரம்தான் பரமேஸ் ரீச்சரின்ரை வழக்கு வந்தது. திகதி கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது பிள்ளை. தண்ணி வத்தின கையோடை. அப்பிடியே எழுதும்.

உங்கடை சட்டத்தரணிமாரின்ரை மலருக்கு எண்டு சொல்லி, என்ரை கதையைப் பதியப் போனை என்ரை மடிக்குக் கிட்ட வைச்சிருக்கிறீர். போன கிழமை பேப்பரிலை நீர்தானே வாசிச்சுக் காட்டினனீர், ஆரோ ஒரு சபை மெம்பரின்ரை வழக்கைப் பிந்தி வந்தது எண்டு தள்ளிப்போட்டினம் எண்டு. உண்மை அவன்ரை பக்கம் இருந்தும் ஏன் தோத்தவன் எண்டு உங்கடை புதுப் பெடியள் கேக்கினமாம். எனக்குச் சட்டம் தெரியாது. நான் கார் ஓடினவன். ஆனால் அந்தக் கேள்விக்கு மறுமொழியை நான் முன்சீற்றிலை இருந்து கனதரம் கேட்டனான்.

நான் மூண்டாம் வகுப்போடை பள்ளிக்கூடத்தை விட்டவன். காங்கேசன்துறையிலை சீமெந்து ஏத்தின லொறியிலை கிளீனராய் நிண்டு, பிறகு ஸ்ரியறிங் பிடிச்சு, பிறகு சண்டை வந்து, இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, அப்பிடி இப்பிடி எண்டு, கோட்டிலை வழக்குப் பேசுற அப்புக்காத்தர் ஐயாவிட்டைச் சேர்ந்தன். அதுக்குப் பிறகு அவர் கோட்டுக்குப் போறதை விடுமட்டும் அவரின்ரை கார்தான். காலமை ஆறு மணிக்கு வா எண்டு சொன்ன மனிசன் அஞ்சரைக்கு வாசல் படலையிலை நிண்டு பாத்தவர். நான் அதுக்கு முந்தியே ஒழுங்கையிலை நிண்டனான். ஒண்டும் கேக்கேல்லை. சாவியைத் தந்தவர். அவ்வளவுதான் எனக்கு நடந்த இன்ரவியூ.

ஐயாவை நீங்கள் ஒருத்தரும் காணேல்லை. இப்ப அவர் இல்லை. அவரைப் பற்றி ஒண்டு ரண்டு சொல்லிப்போட்டுத்தான் மற்றதுக்குப் போவன். கோட்டுக்குப் போற நாளிலை தேத்தண்ணிக்குச் சீனி போடார். பனங்கட்டித் துண்டு ஒண்டைக் கடிச்சுக்கொண்டு குடிப்பார். வழக்கு வெண்ட கட்சிக்காரரைக் கை குடுத்து அனுப்பிப்போடுவார், அவை பஸ்ஸிலை போனாலும் சரி, ஓட்டோவிலை போனாலும் சரி. தோத்த ஆக்களைத் தன்ரை காரிலை ஏத்தி, வீட்டு வாசலிலை இறக்கிப்போட்டுத்தான் தான் வீட்டை போவார். "வெண்டவனுக்கு வழி தெரியும் கந்தையா" எண்டுவார்.

மற்றது அவர் ஆக்களை விசாரிக்கிற விதம். உந்தத் தேர்தல் பிணக்கு, கதிரைப் பிணக்கு எண்டு வாற ஆக்கள் ஒரு பை நிறையக் கடுதாசி கொண்டுவருவினம். ஐயா அந்தப் பையைத் தொடமாட்டார்.

"பையைக் கீழை வையும். உது நடந்ததெண்டு எப்ப கேள்விப்பட்டனீர்?"

"ஐயா, அவன் செய்த அநியாயத்தைக் கேளுங்கோவன்…"

"அநியாயம் ஓடாது. எப்ப கேள்விப்பட்டனீர்?"

அந்த ஆள் ஒரு நாளைச் சொல்லும். ஐயா, "அதுக்குப் பிறகு?" எண்டுவார். அந்தாள் இன்னொண்டைச் சொல்லும். "அதுக்குப் பிறகு?" அப்பிடியே கேட்டுக் கேட்டு, தன்ரை மேசைக்கு முன்னாலை அந்தாள் வந்து இருக்கிற நேரமட்டும் கொண்டுவந்து விடுவார். நடுவிலை எங்கையும் இடைவெளி இருந்தால் கண்ணாடியைக் கழட்டி அதின்ரை காலாலை மேசையிலை தட்டுவார். "இந்த இடத்திலை ஒரு பள்ளம் கிடக்கு. இதை இப்ப நிரப்பும். நிரப்பாட்டில் மற்றப் பக்கத்து அப்புக்காத்தர் உம்மை இதுக்குள்ளைதான் விழுத்துவார்." நான் விறாந்தையிலை இருந்து கேட்டுச் சிரிப்பன். றோட்டு ஓடுறவனுக்கு விளங்கிற கதைதானே.

இனி நல்லதம்பியின்ரை வழக்கு. உதைச் சொல்லாமல் ரீச்சரின்ரை வழக்கு விளங்காது.

நல்லதம்பி தென்மராட்சிப் பக்கத்துக் கமக்காரன். அங்கத்தைப் பிரதேச சபைக்குச் சேர்மனாய் வந்தவர் அவருக்கு ஒண்டைவிட்ட தமையன். அந்தச் சேர்மன் உண்மையிலை அந்த இடத்து ஆளே இல்லை, அங்கை வாக்கும் இல்லை, தேர்தல் கேக்கத் தகுதியே இல்லாதவர் எண்டது நல்லதம்பியின்ரை வழக்கு. ஐயா பாத்துப்போட்டு, "உண்மை முழுக்க உம்மடை பக்கம்" எண்டவர். பிறகு வழமைபோலை, "எப்ப தெரியும்?" எண்டு தொடங்கினார்.

தெரிஞ்ச கையோடை நல்லதம்பியின்ரை தாய் செத்துப்போனா. சேர்மனுக்கும் அவ சின்னம்மா. ரண்டுபேருக்கும் ஒரே சாவுத் துடக்கு, ஒரே தீட்டு. ஒரே துடக்கிலை இருந்துகொண்டு தமையன்மேலை வழக்குப் போடுறதோ எண்டு இந்த மனிசன் கீரிமலையிலை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியுமட்டும் இருந்திட்டார். முடிஞ்சு வர வயல் அரிவு வெட்டு. வெட்டி முடியத் தைப்பொங்கல். பொங்கலுக்குக் கோயிலிலை சேர்மனுக்குப் பொன்னாடை போத்த வேணும் எண்டு சொல்ல, ஊரிலை மரியாதையான ஆள் எண்டு நல்லதம்பியையே கூப்பிட்டிருக்கினம். அவரும் போய்ப் போத்தினவர். படம் பேப்பரிலை வந்தது.

"ஏன் போத்தினனீர்?" எண்டு ஐயா கேட்டார்.

"கூப்பிட்டால் போகாமல் விடுறதோ ஐயா? அது மரியாதை இல்லையே."

ஐயாவின்ரை கண்ணாடி மேசையிலை தட்டின சத்தம் எனக்கு இப்பவும் காதுக்குள்ளை கிடக்கு.

கொழும்பிலை அப்பீல் கோட்டிலை அந்தப் படத்தைத்தான் மற்றப் பக்கம் தூக்கிக் காட்டினது. சேர்மனுக்குத் தகுதி இருக்கோ இல்லையோ எண்ட கதைக்கே ஆரும் போகேல்லை. இவ்வளவு நாள் எங்கை போனனீர், சேர்மன் எண்டு சால்வை போத்திப்போட்டு இப்ப சேர்மன் இல்லை எண்டு வாறீரோ எண்டு கேட்டு மனுவைத் தள்ளிவிட்டினம்.

திரும்பி வரேக்கை நல்லதம்பி பின்சீற்றிலை. வவுனியா தாண்டினம். பிறகு கேட்டார், "ஐயா, அப்ப பொய் வெண்டிட்டுதோ?"

"பொய் வெல்லேல்லை. உண்மை பிந்திப்போச்சு."

"பிந்தினால் உண்மை உண்மை இல்லையோ?"

ஐயா ஆறுதலாய்ச் சொன்னவர். "தம்பி, தேர்தல் மனு எண்டால் சட்டத்திலை நாள் குறிச்சுக் கிடக்கு. அந்த நாள் போனால் கதவு பூட்டு. கதிரையிலை இருக்க அவனுக்கு என்ன உரிமை எண்டு கேட்டு நாங்கள் போட்ட உந்த றிட் வழக்குக்கு நாள் குறிக்கேல்லை. அதாலை சனம் நேரம் கிடக்கு எண்டு நினைக்கிறது. நாள் குறிக்காததுதான் பொல்லாதது. கதிரையிலை ஒருத்தன் இருந்தால் அவன் தினமும் கையெழுத்து வைக்கிறான். அந்தக் கையெழுத்திலை ஒருத்தன் வீடு கட்டுறான், ஒருத்தன் கடை திறக்கிறான். நீர் பிந்தி வந்து அவனை எழுப்பினால் அவனோடை சேர்ந்து ஊரும் எல்லோ ஆடும். அதுதான் கோட்டிலை முதல் கேக்கிறது, தெரிஞ்சவுடனை ஏன் வரேல்லை எண்டு."

நல்லதம்பி, "அம்மாவின்ரை துடக்கு ஐயா" எண்டார்.

"எனக்கு விளங்கும் தம்பி" எண்டார் ஐயா. "எனக்கு விளங்கி என்ன செய்ய?"

அவரை வீட்டு வாசலிலை இறக்கினம். பெஞ்சாதி வெளியிலை வந்து ஒண்டும் கேக்காமல் செம்பிலை தண்ணி குடுத்தா. ஐயாவும் வாங்கிக் குடிச்சவர்.

இப்ப ரீச்சரிட்டை வாறன்.

பரமேஸ் ரீச்சர் எங்கடை பக்கத்திலை சின்னப்பிள்ளையளுக்கு முன்பள்ளி நடத்தினவ. சபைத் தேர்தலிலை தன்ரை வட்டாரத்திலை நிண்டு வெண்டவ. எந்தச் சபை, எந்தக் கட்சி எண்டு கேளாதையும், பேர் வேண்டாம். அங்கை சந்திக்குப் பக்கத்திலை ஒரு குளம் கிடக்கு. மாரித்தண்ணி முழுக்க அதுக்குள்ளைதான் இறங்கும். அதின்ரை ஒரு கரையை நிரப்பிக் கடை கட்டக் குத்தகைக்குக் குடுக்கிறதெண்டு சபையிலை ஒரு தீர்மானம் வந்தது. கட்சி கையை உயத்தச் சொன்னது. ரீச்சர் உயத்தேல்லை. "இந்த மாரியிலை தண்ணி எங்கடை வீட்டுக்குள்ளை வந்ததை நீங்கள் ஆரும் பாக்கேல்லையோ?" எண்டு சபையிலையே கேட்டவவாம். ஒரு வாக்காலை தீர்மானம் தோத்துப்போச்சு.

கொஞ்ச நாளிலை கட்சியிலை இருந்து கடிதம் வந்தது. உம்மை நீக்கியாச்சு, உம்மடை இடம் காலி எண்டு. ஏன் அப்பிடிச் செய்தனீர் எண்டு ஒரு வார்த்தை கேக்கேல்லை. கடிதம் வந்த அடுத்தநாள் காலமை அவவின்ரை மாமனார், புருசன் பாலனின்ரை தேப்பன், செத்துப்போனார்.

அந்தக் கிழவன் முந்தி ஐயாவிட்டை வழக்குக்கு வந்த ஆள். அதாலை ஐயாவும் நானும் செத்தவீட்டுக்குப் போனம். பந்தலுக்குள்ளை ஐயாவுக்குப் பக்கத்துக் கதிரையிலை குணத்தார் இருந்தார். குணத்தார் பாலனுக்குச் சித்தப்பாவின்ரை மோன். ரீச்சரின்ரை அதே கட்சி. காலமையிலை இருந்து பறை மேளத்துக்குச் சொன்னது, விறகுக்குச் சொன்னது எல்லாம் அவர்தான். பாடையிலையும் தோள் குடுத்தவர். நான் சும்மா குறை சொல்லமாட்டன், அந்தாள் உண்மையாய்த்தான் அழுதது.

ஐயா வெளிக்கிடேக்கை ரீச்சர் வாசலடிக்கு வந்து, கண்ணைத் துடைச்சுக்கொண்டு, கட்சிக் கடிதத்தைப் பற்றி மெல்லமாய்ச் சொன்னா. குணத்தார் அதைக் கேட்டுப்போட்டுக் கிட்ட வந்தார்.

"மச்சாள், உதுக்கு இப்ப என்ன அவசரம்? பெரியப்பாவின்ரை அந்தியேட்டி முடியட்டும். பிறகு இருந்து ஆறுதலாய்க் கதைப்பம். நான் கட்சியோடை கதைக்கிறன். எங்கடை வீட்டு விசயம்தானே."

"உம்மடை பேரோ ரீச்சரின்ரை இடத்துக்குப் போட அனுப்பியிருக்கினம்?" எண்டு ஐயா சும்மா கேக்கிற மாதிரிக் கேட்டார்.

குணத்தார் துவாயாலை முகத்தைத் துடைச்சார். "கட்சி கேட்டது ஐயா. ஆரோ ஒருத்தர் இருக்கத்தானே வேணும். வெளியாள் வாறதிலும் பாக்க நான் இருக்கிறது நல்லமெல்லோ."

ஐயா தலையை ஆட்டிப்போட்டுக் காரிலை ஏறினார். செத்தவீட்டாலை வந்தால் நேரை வீட்டை போய், கிணத்தடியிலை தலைமுழுகிப்போட்டுத்தான் உள்ளுக்கை கால் வைக்கிற மனிசன் அவர். அதிலை ஒரு நாளும் பிசகினதில்லை. நான் காரை வீட்டுப் பக்கம் திருப்ப, "கந்தோருக்கு விடு, மனு ரைப் பண்ண வேணும்" எண்டார்.

"ஐயா, குளியாமலோ?"

"ஓம், குளியாமல். நான் குளிச்சு, சாமி கும்பிட்டு, சாப்பிட்டு வர இண்டையான் நாள் போயிடும். அரசாங்க வர்த்தமானிக் கசற்றிலை குணத்தின்ரை பேர் வந்து அவன் சத்தியப்பிரமாணமும் எடுத்திட்டான் எண்டால் பிறகு இது நல்லதம்பியின்ரை வழக்குத்தான்."

கெதியாய் விட்டன்.

அண்டைக்கே மனு ரைப் பண்ணியாச்சு. இனி ரீச்சரின்ரை சத்தியக் கடுதாசி. அதை அவ ஒரு சமாதான நீதவானுக்கு முன்னாலை வாசிச்சு விளங்கி, உண்மை எண்டு சொல்லிக் கையெழுத்து வைக்க வேணும். வழக்குப் பேசுற அப்புக்காத்தர் தானே அதை எடுக்க ஏலாது, அது உமக்குத் தெரியும். ஊரிலை மூண்டு சமாதான நீதவான்மார். ஒருத்தர் கனடாவிலை மோளோடை. ஒருத்தர் குணத்தாருக்குப் பெண் குடுத்த மாமன். மிச்சம் வேலுப்பிள்ளையர். அவரோ திருவெம்பாவைக்கு விடியக் காலமை கோயிலிலை பாடுறவர். பூசை முடியுமட்டும் துடக்கு வீட்டுக்குள்ளை கால் வைக்கமாட்டார். ரீச்சரோ துடக்குக்காரி. எட்டாம் நாள் சடங்கு எட்டுச்செலவும் முடியேல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியுமட்டும் படலை தாண்டினால் ஊர் வாய் சும்மா கிடக்குமோ?

அடுத்தநாள் ஐயா வேலுப்பிள்ளையரின்ரை வீட்டு விறாந்தையிலை போய் இருந்தார்.

"என்னை ஏன் உதுக்கை இழுக்கிறாய்?" எண்டு வேலுப்பிள்ளையர் சத்தம் போட்டார். ரண்டுபேரும் ஒண்டாய்ப் படிச்சவை. "நான் காலமை சாமிக்கு முன்னாலை நிண்டு பாடுறவன்!"

"உன்னை உள்ளுக்கை வரச் சொல்லேல்லையே. அவ படலைக்கு உள்ளை நிக்கட்டும். நீ ஒழுங்கையிலை நில்."

"கடுதாசி அவவின்ரை கையாலை வருமெல்லோ?"

"கடுதாசிக்கு ஆரடா செத்தது?"

வேலுப்பிள்ளையர் சிரிச்சுப்போட்டார். சிரிச்சவுடனை எனக்குத் தெரியும், ஆள் வரும் எண்டு. ஆனாலும் ஒரு நிபந்தனை போட்டார். தான் வாசிச்சு முடியுமட்டும் அவ கையெழுத்து வைக்கக்கூடாது, குறுக்கை ஆரும் கதைக்கக்கூடாது, அவ தன்ரை வாயாலை உண்மை எண்டு சொல்ல வேணும். "துடக்கு எண்டு சொல்லிச் சட்டத்திலை ஒரு வசனம் குறையாது" எண்டார்.

அந்தப் படலையடிக்குக் காரைக் கொண்டுபோய், மூக்குப் பக்கம் படலையை முட்டிற மாதிரி நிப்பாட்டினன். வேலுப்பிள்ளையர் ஒழுங்கையிலை. ரீச்சர் வளவுக்குள்ளை. நடுவிலை என்ரை காரின்ரை பொனற். காலமைதான் கழுவித் துடைச்சனான். அதுதான் மேசை.

பாலனின்ரை தமையன் நடராசா, கொள்ளி வைச்சவர், மொட்டைத் தலையோடை விறாந்தையாலை இறங்கி வந்தார்.

"என்ன இது? அப்பாவின்ரை சாம்பல் இன்னும் சூடாய்க் கிடக்கு. இவ கதிரைக்குக் கையெழுத்து வைக்கிறாவோ? ஊர் காறித் துப்பாதோ? குணம் சொன்னவன்தானே, அந்தியேட்டி முடியட்டும் எண்டு!"

ரீச்சர் பேனையைக் கீழை வைச்சிட்டா. வழக்குக்கு வந்த ஆக்களின்ரை வீட்டுப் பிணக்குக்குள்ளை ஐயா ஒரு நாளும் போகார். நான் அவரின்ரை முகத்தைப் பாக்கிறன், அவர் பொனற்றைப் பாக்கிறார்.

பாலன் ஒரு வாய் பேசாத மனிசன். தோட்டமும் தானும். அந்தாள் கிணத்தடியிலை இருந்து ஈர வேட்டியோடை வந்தது.

"அண்ணை, அப்பா கடைசியாய் வீட்டாலை வெளியிலை போனது எப்ப?"

நடராசா பாலனின்ரை பக்கம் திரும்பினார்.

"ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டன் எண்டு கிடந்த மனிசன். இவளுக்கு வோட்டுப் போட எண்டு கதிரையோடை தூக்கச் சொன்னவர். நீயும் நானும்தானே தூக்கினம். அந்த வோட்டை உவையள் ஒரு கடுதாசியாலை அழிக்கப் பாக்கினம். நீ அந்தியேட்டியிலை அவருக்குப் பிண்டம் போடு. இவள் அவரின்ரை வோட்டைப் பாக்கட்டும்."

நடராசா படலைத் தூணைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். போகவும் இல்லை, மறிக்கவும் இல்லை.

வேலுப்பிள்ளையர் வாசிக்கத் தொடங்கினார். கோயிலிலை பாடுற குரல். ஒவ்வொரு பந்தி முடியவும், "விளங்கினதோ பிள்ளை?" எண்டு கேட்டார். "ஓம்" எண்டா. கடைசியிலை, "இதிலை சொல்லிக் கிடக்கிறதெல்லாம் உண்மை எண்டு உறுதியாய்ச் சொல்லுறீரோ?" எண்டு கேக்க, "ஓம், சொல்லுறன்" எண்டு ஒழுங்கைச் சனத்துக்கெல்லாம் கேக்கத்தக்கதாய்ச் சொல்லிப்போட்டுக் கையெழுத்து வைச்சா. வேலுப்பிள்ளையர் தன்ரை கையெழுத்தை வைச்சுச் சீல் குத்தினார். பொனற் ஒருக்கா அதிர்ந்தது. ஐயா அதிலை ஒரு வசனம் முந்தியே போட்டு வைச்சிருந்தவர்: மரணத் துடக்கின் காரணத்தாலை வீட்டுப் படலையில் வைத்து ஒப்பமிடப்பட்டது எண்டு. உதை ஏன் போட்டவர் எண்டு எனக்கு அப்ப விளங்கேல்லை.

அண்டைக்கு மத்தியானமே கொழும்புக்கு வெளிக்கிட்டம். அடுத்தநாள் கோட்டுக் கந்தோர் திறக்க மனு உள்ளுக்கை. நான் எத்தினை தரம் அந்த றோட்டு ஓடினனான், ஆனால் அண்டைக்கு ஓடின மாதிரி ஒரு நாளும் ஓடேல்லை. வேகமாய் ஓடேல்லை, அதையும் எழுதும். ஒரு இடத்திலையும் நிக்காமல் ஓடினனான். ஐயா தேத்தண்ணி கேக்கேல்லை. நானும் கேக்கேல்லை.

வழக்கை எடுத்த அண்டைக்குப் பின் வாங்கிலை எனக்கும் இடம் கிடைச்சது. கதை முழுக்க இங்கிலீசு. ஆனால் ஆளின்ரை முகத்தைப் பாத்தால் கொஞ்சம் விளங்கும். மிச்சத்தை ஐயா பிறகு வரேக்கை சொன்னவர். மற்றப் பக்கத்து அப்புக்காத்தர் பெரிய ஆள். எழும்பின உடனை, பிந்திப்போச்சு, இடம் காலியாகி அடுத்த ஆளின்ரை பேரும் அனுப்பியாச்சு எண்டார். ஐயா எழும்பி அந்த அதுக்குப்பிறகு, அதுக்குப்பிறகு எண்டதை ஒவ்வொண்டாய் வைச்சார். கடிதம் வந்தது, சாவு நடந்தது, எரிச்சது, கையெழுத்து வைச்சது, மனு வந்தது. பள்ளமே இல்லை. மற்றவர் விடேல்லை. அப்ப அதுதான் சந்தேகம், அந்தச் சனம் இழவு காலத்திலை வீட்டை விட்டு வெளிக்கிடாது, பெண்பிள்ளையள் அறவே வெளிக்கிடாது, இந்தக் கையெழுத்தை அவதான் வைச்சதெண்டு எப்பிடி நம்பிறது எண்டு ஒரு போடு போட்டார்.

ஐயா அந்தப் படலை வசனத்தை வாசிச்சுக் காட்டினார். நீதிபதி சிங்களவர். அவருக்கு அது புதினமாய் இருந்திருக்கு. இந்தத் துடக்கு எவ்வளவு காலம் எண்டு கேட்டவர். ஐயா அந்தியேட்டியைப் பற்றி விளங்கப்படுத்தினார். அதுக்கு முந்தி வெளியிலை வந்தால் அவவுக்கு ஊரிலை என்ன நடக்கும் எண்டும் கேட்டவர். ஐயா அதையும் சொன்னவர். அப்ப நீதிபதி மற்றப் பக்கத்து அப்புக்காத்தரைப் பாத்து, "பிறகு வந்திருந்தால் பிந்தினா எண்டு சொல்லியிருப்பீர். இப்ப வந்ததுக்குக் கெதியாய் வந்திட்டா எண்டு சொல்லுறீரோ?" எண்டு கேட்டாராம். கோட்டிலை ஆக்கள் சிரிச்சது எனக்கும் கேட்டது. ஏன் எண்டு தெரியாமல் நானும் சிரிச்சனான்.

குணத்தாரின்ரை பேர் கசற்றிலை வராமல் மறிச்சுக் கட்டளை குடுத்தினம். முழு வழக்கும் பிறகு கனகாலம் இழுபட்டுத்தான் முடிஞ்சது, விளக்கம் கேளாமல் நீக்கினது பிழை எண்டு. ஆனால் வெண்டது அண்டைக்குத்தான். ஐயா காரிலை ஏறிக் கதவைச் சாத்திப்போட்டு, "அவ ஒரு கிழமை பொறுத்திருந்தால், இதே உண்மையோடை நாங்கள் வெறுங்கையோடை போயிருப்பம்" எண்டார். பிறகு, "பொனற்றிலை கீறல் ஏதும் விழுந்ததோ?" எண்டு கேட்டார். இல்லை எண்டன். சீல் குத்தின இடத்திலை ஒரு சின்ன நெளிவு இருந்தது. அதை நான் பிறகும் தட்டி எடுக்கேல்லை. அந்தக் காரை விக்கேக்கை வாங்க வந்தவன் அதைக் காட்டிக் காசு குறைக்கக் கேட்டவன். குறைக்கேல்லை.

ரீச்சருக்கு அது சும்மா கிடைச்ச வெற்றி இல்லை. எட்டுச்செலவுக்கு வந்த சனத்திலை பாதி அவவோடை முகம் குடுத்துக் கதைக்கேல்லை. கோட்டு மருமகள் எண்டு ஒரு பட்டம் வேறை. அவ எல்லாருக்கும் சாப்பாடு பரிமாறிக்கொண்டு நிண்டாவாம். ஆனால் அந்தியேட்டிக்குக் கீரிமலைக்கு நானும் போனனான். நடராசா கடலிலை முழுகிப்போட்டு வந்து, எல்லாருக்கும் முன்னாலை, "பிள்ளை, சபை அடுத்தது எப்ப? நானும் வந்து பின்னாலை இருந்து பாக்கலாமோ?" எண்டு கேட்டார். ரீச்சர் அப்பதான் முதல் தரம் வாய்விட்டு அழுதா. குளம் இப்பவும் குளமாய்த்தான் கிடக்கு. போன மாரிக்கும் நிரம்பினது.

குணத்தாரோடை ஒரு சண்டையும் வரேல்லை. சொந்தக்காரர் எல்லோ. நல்லது கெட்டதுக்குப் போய்வந்துகொண்டுதான் இருக்கினம். இந்தமுறை அவரும் தேர்தல் கேட்டுத் தன்ரை பாட்டிலை வெண்டவர். ஓம், நீர் வாசிச்சிருப்பீர். இப்ப கட்சி அவருக்கும் அதே மாதிரிக் கடிதம் குடுத்திருக்கு. அவர் என்ன செய்யிறார் தெரியுமோ? நல்லூரானுக்குத் திருவிழாக் கொடி ஏறினதிலை இருந்து இருபத்தஞ்சு நாள் விரதம். கொடி இறங்கட்டும், பிறகு அப்புக்காத்தரிட்டைப் போவம் எண்டு இருக்கிறாராம்.

இண்டைக்குக் காலமை ரீச்சர் எனக்குப் போன் எடுத்தவ. "அண்ணை, நான் போய்ச் சொன்னால் குத்திக்காட்ட வந்தன் எண்டு நினைப்பார். அவருக்கும் சனம்தானே வோட்டுப் போட்டது. ஆரையும் விட்டுச் சொல்லுவியுங்கோ" எண்டா.

எனக்கு முழங்கால் ஏலாது. நீர்தான் நல்லூர்ப் பக்கம் இருக்கிறனீர். தெற்கு வீதியிலை தண்ணீர்ப் பந்தலிலை வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு மோர் ஊத்திற மனிசன், மீசை நரைச்ச ஆள், அவர்தான் குணத்தார். ஒரு பேணி மோர் வாங்கிக் குடியும். குடிச்சுப்போட்டு, மச்சாள் சொல்லிவிட்டவ எண்டு சொல்லும். விரதம் விரதமாய் இருக்கட்டும், கையெழுத்தை இண்டைக்கே வைக்கச் சொல்லும். அவர் வெக்கப்பட்டால் நீரே அப்புக்காத்தரிட்டைக் கூட்டிக்கொண்டு போம்.

உந்தப் போனை நிப்பாட்டும் பிள்ளை. வெயில் தணியட்டும் எண்டு இராதையும்.